சி-ஆர்ம் ஒன்றுதான், தீர்ப்பு மூன்று: முதுகுத்தண்டு ஊசிகளில் 77003 எங்கே வரும், எங்கே வராது

கேள்வியின் சுருக்கம் இது. அமெரிக்க மருத்துவமனைகளுக்காக மெடிக்கல் கோடிங் (சிகிச்சைகளைக் காப்பீட்டு பில்லுக்கான எண் கோடுகளாக மாற்றும் வேலை) செய்யும் சென்னை அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர், வலி மருத்துவப் பிரிவுக்கு மாற்றலாகி இரண்டு மாதம் ஆகிறது. ஒரே வாரத்தில் மூன்று கிளைம்களுக்கு, அதாவது காப்பீட்டுக்கு அனுப்பும் பில்களுக்கு, ஆடிட்டர் பிழை போட்டிருக்கிறார். முதலாவது, கீழ்முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் இடத்தில் போட்ட ஸ்டீராய்டு ஊசி. அந்த ஊசியின் கோடான 62323 உடன், ஊசியை வழிநடத்தும் எக்ஸ்ரே படத்தின் கோடான 77003ஐயும் சேர்த்திருந்தார். 77003ஐ எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, தலைவலிக்காகச் செய்த பிளட் பேட்ச். 62273 மட்டும் போட்டிருந்தார். 77003 விடுபட்டுவிட்டது என்றார்கள். மூன்றாவது, எஸ்.ஐ. மூட்டில், அதாவது திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில், போட்ட ஊசி. 27096 போட்டிருந்தார், அதைத் தசை ஊசியின் கோடான 20552 ஆக இறக்கிவிட்டார்கள். "மூன்று நோயாளிகளுக்கும் சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரம் வைத்துத்தானே ஊசி போட்டார்கள்? பிறகு ஏன் மூன்று விதமான தீர்ப்பு?" என்பது அவர் கேள்வி.

உங்கள் ஆடிட்டர் மூன்றிலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காரணத்தைச் சொல்லாமல் விட்டது அவர் குறை. பிழைப் பட்டியலில் "77003 நீக்கவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் புதியவருக்கு என்ன விளங்கும்? அடுத்த முறை பயத்தில் எல்லாவற்றிலும் நீக்குவார். பிளட் பேட்சில் மாட்டிக்கொள்வார். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் சி-ஆர்ம் அறையில் இருந்ததா என்ற கேள்வியை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எடுத்த கோட்டின் விளக்கத்தை, கடைசிச் சொல் வரை, சிபிடி எனப்படும் அமெரிக்கச் சிகிச்சைக் கோடுகளின் புத்தகத்தில் படியுங்கள். 62323இன் விளக்கத்திலேயே "ஃப்ளூரோஸ்கோபி அல்லது சிடி வழிகாட்டலுடன்" என்று இருக்கிறது. ஃப்ளூரோஸ்கோபி என்பது சி-ஆர்ம் காட்டும் நேரடி எக்ஸ்ரே படம். அந்தப் படம் ஊசியின் விலைக்குள் அடங்கிவிட்டது. 62273இன் விளக்கத்தில் படம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆகவே படம் தனி வரியாக வருகிறது. 27096இல் படம் அடக்கம் மட்டுமல்ல, அதுவே நிபந்தனை. ஃப்ளூரோஸ்கோபி அல்லது சிடி மூலம் ஊசி மூட்டுக்குள் இருப்பதை உறுதி செய்திருந்தால்தான் அந்தக் கோடே பொருந்தும்.

இந்தக் குழப்பம் வந்த வழி தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பாதியாகக் குறையும். ஒரு காலத்தில் எல்லாமே தனித்தனி விலைதான். டிபன் கடையில் இட்லிக்கு ஒரு விலை, வடைக்கு ஒரு விலை என்பது போல, ஊசிக்கு ஒரு கோடு, அதை வழிநடத்திய படத்துக்கு ஒரு கோடு. அந்தப் படக் கோடு முன்பு 76005. 2007இல் எண் மாறி 77003 ஆனது. எந்த ஊசிக் கோட்டுடனும் இதைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கோடுகளின் மதிப்பை ஆராயும் குழு ஒரு சல்லடை போட்டது. இரண்டு கோடுகள் ஒரே மருத்துவரிடமிருந்து, ஒரே நாளில், 75 சதவீதத்துக்கும் மேல் சேர்ந்தே வருகின்றன என்றால், அவற்றை ஏன் ஒன்றாக்கக் கூடாது என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது, இடத்தைச் சுத்தம் செய்வது, பழைய ஸ்கேனைப் பார்ப்பது ஆகிய வேலைகளுக்கான நேரம் இரண்டு கோட்டிலும் ஏறி, இருமுறை கணக்காகிக்கொண்டிருந்தது. அதைக் கழிக்க ஆரம்பித்தார்கள். 2010இல், முதுகெலும்புகளை இணைக்கும் சிறு மூட்டுகளான ஃபேசெட் மூட்டுகளின் ஊசிகளுக்கு 64490 முதல் 64495 வரை புதிய கோடுகள் வந்தபோது படம் உள்ளே போனது. 2011இல், நரம்பு வெளிவரும் துளை வழியாகப் போடும் ட்ரான்ஸ்ஃபொராமினல் எபிடியூரல், அதாவது 64479, 64480, 64483, 64484. 2012இல் எஸ்.ஐ. மூட்டின் 27096, கூடவே ரேடியோஃப்ரீக்வன்சி முறையில் ஃபேசெட் நரம்பைச் சுடும் 64633 முதல் 64636 வரை. டிபன் கடை முழுச் சாப்பாட்டுக் கடையாக மாறிவிட்டது. ரசமும் மோரும் டோக்கனுக்குள் அடக்கம். அவற்றுக்குத் தனி பில் போட முடியாது.

முதுகெலும்புத் தகடுகளுக்கு இடையே போடும் இன்டர்லாமினர் எபிடியூரல் மட்டும் கொஞ்சம் இழுத்தடித்தது. 62310, 62311 என்ற பழைய கோடுகளில் படம் அடக்கமில்லை. 2014இல், முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் அவற்றின் மதிப்பைக் கடுமையாக வெட்டியது. மருத்துவர்கள் போர்க்கொடி தூக்கவே, 2015இல் 2013ஆம் ஆண்டின் மதிப்புகளுக்கே திரும்பியது. ஆனால் திருப்பிக் கொடுத்த கையோடு, இவற்றுடன் படத்துக்குத் தனிக் காசு கேட்கக் கூடாது என்றும் விதித்துவிட்டது. 2017 ஜனவரி 1 முதல் அந்தப் பழைய கோடுகளே நீக்கப்பட்டு, 62320 முதல் 62327 வரை எட்டு கோடுகள் வந்தன. அவை இணை இணையாக நிற்கின்றன. இரட்டை எண்ணில் முடிவது படம் இல்லாமல், ஒற்றை எண்ணில் முடிவது படத்துடன். 62320, 62321 கழுத்துக்கும் மேல்முதுகுக்கும். 62322, 62323 கீழ்முதுகுக்கும் திருவெலும்புக்கும். வாலெலும்புப் பக்கத்திலிருந்து, காடல் வழியாகப் போடும் ஊசியும் இங்கேதான் வரும். மீதி நான்கும் கதீட்டர் வைத்துத் தொடர்ந்து மருந்து செலுத்துவதற்கு. அதே 2017இல்தான் 77003 ஆட்-ஆன் கோடாகவும் ஆனது. இனி அது தனியாக நிற்காது. தாய்க்கோடு ஒன்று உடன் இருந்தே தீர வேண்டும்.

2020இலும் ஒரு சுற்று வந்தது. கீழ்முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுக்கும் லம்பர் பங்சர் 62270 என்றே இருக்க, ஃப்ளூரோஸ்கோபி அல்லது சிடி வைத்துச் செய்தால் 62328 என்று ஆக்கினார்கள். பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இன்னும் 62270 உடன் 77003 போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் 77003க்கு இன்று என்னதான் மிச்சம்? கொஞ்சம்தான். உங்கள் பிளட் பேட்ச் 62273 அதில் ஒன்று. லம்பர் பங்சருக்குப் பிறகு மூளைத் தண்டுவட நீர் கசிந்து தலைவலி வந்தவருக்கு, அவருடைய ரத்தத்தையே எடுத்து எபிடியூரல் இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைக்கிறார்கள். பல இடங்களில் இதைப் படமே இல்லாமல், விரல் உணர்வை மட்டும் நம்பிச் செய்கிறார்கள். அதனால் படம் தாய்க்கோட்டுக்குள் போகவில்லை. சிம்பதெடிக் நரம்பு பிளாக்குகளான 64510, 64520 ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. முதுகுத்தண்டை விட்டு வெளியே வந்துவிட்டால் கோடு 77003 அல்ல, 77002. அதே மருத்துவர் அதே நாளில் ஃப்ளூரோஸ்கோபி பார்த்து இடுப்பு மூட்டில் ஊசி போட்டால் 20610 உடன் 77002 என்பது போல. எதுவானாலும் அனுப்புவதற்கு முன், எந்தக் கோடுகளைச் சேர்த்து அனுப்பக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ எடிட்டை, அந்தக் காலாண்டுக்கானதைப் பாருங்கள். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். என் நினைவாற்றல் அப்படி மாறுவதில்லை.

இனி மூன்றாவது கிளைமுக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் படத்தை "கூடுதல் வருமானம்" என்ற கண்ணோடு பார்க்கிறார்கள். போட்டால் காசு, விட்டால் நஷ்டம் என்று. அந்தக் காலம் போய்விட்டது. இன்று முதுகுத்தண்டு ஊசியில் படம் என்பது தகுதிச் சான்று. அது குறிப்பில் இல்லை என்றால் கூடுதலாக வரும் சில டாலர் மட்டும் போகாது, தாய்க்கோடே கையை விட்டுப் போய்விடும். ரசம் இல்லை என்றால் விலையில் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். அது சாப்பாடே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஃபேசெட் மூட்டில் படம் பார்க்காமல் ஊசி போட்டால் 64493 கிடையாது. தசை முடிச்சில் போடும் ட்ரிகர் பாயின்ட் ஊசியின் கோடான 20552 அல்லது 20553தான். எஸ்.ஐ. மூட்டுக்கும் அப்படியே 20552. மருத்துவர் மூட்டுக்குள் போட்டதாகச் சத்தியம் செய்தாலும் சரி, படம் இல்லாதவரை கோடிங் கணக்கில் அது தசையில் போட்ட ஊசிதான். ஃபேசெட்டில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் போட்டால் அதற்கென்றே 0213டி என்று தொடங்கும் தற்காலிகக் கோடுகள் தனியாக இருக்கின்றன; 64493 குடும்பத்துக்கு ஃப்ளூரோஸ்கோபியும் சிடியும் மட்டுமே உறவு.

"சரி, எபிடியூரலில் படம் எழுதவில்லை என்றால் 62323ஐ 62322 ஆக இறக்கிவிட்டால் போயிற்று" என்று நினைக்காதீர்கள். கோடு சரியாகிவிடும், காசு வருமா என்பது வேறு கேள்வி. மெடிகேர் ஒப்பந்ததாரர்களின் இன்றைய எபிடியூரல் கொள்கைகள் ஃப்ளூரோஸ்கோபி அல்லது சிடியையும், கூடவே படத்தில் தெரியும் சாயமான கான்ட்ராஸ்டையும் கட்டாயமாகக் கேட்கின்றன. கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை, கர்ப்பம் போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. அந்தக் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஊசி நின்ற இடமும் மருந்து பரவியதும் தெரியும்படி குறைந்தது இரண்டு கோணங்களில் எடுத்த படங்களைச் சேமித்து வைத்து, கேட்டால் கொடுக்க வேண்டும்.

இரண்டு கோணம் ஏன்? ஃப்ளூரோஸ்கோபி காட்டுவது நிழல். முன்பின்னாகப் பார்க்கும்போது ஊசிமுனை நடுக்கோட்டில் அழகாக நிற்கும். ஆனால் ஆழம் தெரியாது. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் அது எபிடியூரல் இடத்தில் இருக்கிறதா, டியூரா என்ற தண்டுவட உறையைத் தாண்டிவிட்டதா என்பது புலப்படும். கான்ட்ராஸ்ட் எதற்கு என்றால், ஊசிமுனை ரத்தக்குழாய்க்குள் இருந்தால் சாயம் கோடாக ஓடி மறைந்துவிடும். எபிடியூரலில் இருந்தால் பரவி நிற்கும். கழுத்துப் பகுதியில் துகள் கலந்த ஸ்டீராய்டு தமனிக்குள் போய்விட்டால் பக்கவாதம் வரை போகலாம். எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிகளின் அரிதான, ஆனால் கடுமையான நரம்பியல் பாதிப்புகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே ஆடிட்டர் படத்தைக் கேட்பது வெறும் காகிதத் தொல்லை அல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு அது ஒரு வரி. மேசையில் குப்புறப் படுத்திருப்பவருக்கு முதுகுத்தண்டு.

கண்காணிப்பு இவ்வளவு இறுகியதற்குப் பின்னணியும் உண்டு. அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2006இல் மெடிகேர் அனுமதித்த ஃபேசெட் ஊசிச் சேவைகளில் 63 சதவீதம் விதிகளுக்கு உட்படவில்லை. மருத்துவர்களுக்குத் தவறாகப் போன தொகை ஏறத்தாழ 9.6 கோடி டாலர். 2010இல் ட்ரான்ஸ்ஃபொராமினல் ஊசிகள் பற்றி இன்னொன்று: 2007இன் சேவைகளில் 34 சதவீதம் தேறவில்லை, 4.5 கோடி டாலர். இவற்றில் பெரும்பங்கு குறிப்புகளில் இருந்த குறைபாடு. செய்தார்களோ இல்லையோ, எழுதவில்லை.

அதனால் மருத்துவரின் செய்முறைக் குறிப்பை எப்படிப் படிப்பது என்பதில்தான் உங்கள் நேரம் போக வேண்டும். நல்ல குறிப்பு இப்படி ஓடும்: ஃப்ளூரோஸ்கோபியில் எல்4-எல்5 (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகள்) இடைவெளி அடையாளம் காணப்பட்டது, ஊசி அதன் வழிகாட்டலில் முன்னேற்றப்பட்டது, முன்பின், பக்கவாட்டுப் படங்களில் ஊசிமுனை உறுதி செய்யப்பட்டது, இத்தனை மில்லி ஆம்னிபேக் கான்ட்ராஸ்ட் செலுத்தியதில் எபிடியூரல் பரவல் தெரிந்தது, ரத்தக்குழாயில் செல்லவில்லை, படங்கள் சேமிக்கப்பட்டன. இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதில். மோசமான குறிப்பில் "சி-ஆர்ம் கொண்டுவரப்பட்டது" என்று மட்டும் இருக்கும். கொண்டுவந்த பிறகு என்ன ஆயிற்று? வாசலிலேயே நின்றதா? உங்கள் எஸ்.ஐ. மூட்டுக் குறிப்பில் இருந்தது இந்த வரி மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடிட்டர் இறக்கியது அதனால்தான்.

அதைவிடவும் ஆபத்தானது, தேவைக்கு மேல் அழகாக இருக்கும் குறிப்பு. மென்பொருளில் ஒரு வார்ப்புரு வைத்திருப்பார்கள். எல்லா நோயாளிக்கும் அதே பத்தி. நான் ஆடிட் செய்த ஒரு சார்ட்டில், மேலே ஒவ்வாமைப் பட்டியலில் அயோடின் கான்ட்ராஸ்ட் என்று சிவப்பில் இருந்தது. கீழே செய்முறையில் கான்ட்ராஸ்ட் செலுத்தியதில் அருமையான பரவல் என்று இருந்தது. இரண்டில் ஒன்று பொய். தலைப்பில் எல்5-எஸ்1, உள்ளே எல்4-எல்5 என்று இருப்பதெல்லாம் வாரம் ஒன்று கிடைக்கும். இப்படிப்பட்டதை உங்களுக்குத் தோன்றியபடி சரிசெய்து அனுப்பிவிடாதீர்கள்.

கோட்டின் பின்னால் ஒட்டும் மாடிஃபையர் எண் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 77003 தனியாக வரும் இடத்தில் மட்டும்தான் 26 என்ற கேள்வி எழும். மருத்துவமனையிலோ அறுவை மையத்திலோ செய்தால் இயந்திரம் மருத்துவருடையது அல்ல. படத்தைப் பார்த்துப் பொருள் கொண்ட வேலைக்கு மட்டும் 77003-26 கேட்கலாம். சொந்தக் கிளினிக்கில், சொந்த சி-ஆர்மில் செய்தால் மாடிஃபையர் இல்லாமல் முழுக் கோடு. 62323, 64483 போன்றவற்றுக்கு 26 ஒட்டவே ஒட்டாது. செய்த இடத்தின் எண்ணை வைத்தே அவற்றின் தொகை மாறும்: 11 என்றால் கிளினிக், 22 மருத்துவமனை வெளிநோயாளி, 24 அறுவை மையம். படம் அடங்கிய கோட்டுக்கு 59 போட்டு 77003ஐ உள்ளே நுழைக்கும் கெட்டிக்காரத்தனத்தை யாராவது சொல்லிக்கொடுத்தால் காது கொடுக்காதீர்கள். 59 என்பது வேறு இடம், வேறு செய்முறை என்பதற்கான சான்று. கதவு பூட்டியிருந்தால் ஜன்னலை உடைக்கும் கடப்பாரை அல்ல.

பக்கத்துத் தொல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த பிழை உங்களுக்கு அங்கேதான் காத்திருக்கிறது. ஃபேசெட் கோடுகள் மூட்டை எண்ணுகின்றன. மருத்துவர்கள் நரம்பை எழுதுகிறார்கள். ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்பு. எல்4-எல்5 மூட்டுக்கு எல்3, எல்4 மீடியல் பிராஞ்சு நரம்புகள். எல்5-எஸ்1 மூட்டுக்கு எல்4 மீடியல் பிராஞ்சும் எல்5 டோர்சல் ரேமஸும். குறிப்பில் எல்3, எல்4, எல்5 என்று மூன்று நரம்பு இருந்தால் மூட்டு இரண்டுதான்: 64493, 64494. மூன்று பெயரைப் பார்த்ததும் 64495ஐயும் சேர்ப்பவர்கள் ஏராளம்.

டினையல், அதாவது காப்பீட்டு மறுப்பு, வந்தால் அதன் எழுத்தையும் படியுங்கள். 62323 உடன் அனுப்பிய 77003 பெரும்பாலும் சிஓ-97 அல்லது சிஓ-236 என்று திரும்பும். முதலாவதற்கு, இந்தத் தொகை வேறொரு சேவைக்குள் அடங்கியது என்று பொருள். இரண்டாவது, இந்தக் கோடு இணை எடிட்டில் ஒத்துப்போகவில்லை என்பது. முன்னால் இருக்கும் சிஓ என்ற இரண்டு எழுத்துதான் முக்கியம். ஒப்பந்தப்படி மருத்துவர் தள்ளுபடி செய்ய வேண்டிய தொகை, நோயாளியிடம் கேட்கக் கூடாது. பிஆர் என்று இருந்தால்தான் நோயாளி பொறுப்பு. இதைக் கவனிக்காமல் மீதித் தொகையை அப்படியே நோயாளியின் கணக்கில் தள்ளிவிடும் பில்லிங் குழுக்கள் உண்டு. மறுபுறம், எடிட்டுக்குத் தப்பி அந்த வரிக்குப் பணம் வந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. மெடிகேர் பார்ட் பி-யில் அனுமதித்த தொகையில் 20 சதவீதம் நோயாளியின் பங்கு. கட்டத் தேவையில்லாத ஒரு வரிக்கு யாரோ ஒரு முதியவர் காசோலை எழுதியிருப்பார்.

இப்போது உங்கள் மூன்று கிளைம்கள். முதலாவதில் 77003ஐ நீக்கிவிட்டு 62323 மட்டும் விடுங்கள். இரண்டாவதில் ஃப்ளூரோஸ்கோபியும் இரண்டு கோணப் படமும் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இடம் மருத்துவமனை என்பதால் 62273, 77003-26 என்று திருத்தி அனுப்புங்கள். மூன்றாவதை இன்றே 20552 என்று அனுப்பாதீர்கள். 27096 என்றும் அனுப்பாதீர்கள். நிறுத்தி வைத்து மருத்துவருக்கு ஒரு வினா அனுப்புங்கள். "ஃப்ளூரோஸ்கோபி மூலம் ஊசி மூட்டுக்குள் இருப்பதை உறுதி செய்தீர்கள்தானே?" என்று கேட்டு "ஆம்" என்று வாங்குவது பதிலை நாமே வாயில் ஊட்டுவது, ஆடிட்டில் நிற்காது. "சி-ஆர்ம் கொண்டுவரப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. ஊசிமுனை இருந்த இடம் எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது, படங்கள் சேமிக்கப்பட்டனவா என்பதைத் தெளிவுபடுத்தவும்" என்று எழுதுங்கள். அவர் தேதியிட்டுக் கையெழுத்துடன் இணைப்புக் குறிப்பு எழுதி, சேமித்த படமும் அதற்கு ஒத்துப்போனால் 27096. படம் இல்லை, அல்லது பதிலே வரவில்லை என்றால், உங்கள் ஆடிட்டர் சொன்ன 20552.